பிராஞ்ச் போட்ட 1400 பக்கி: ஜெட்டில் கை வைப்பதற்கு முன்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்பன் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குத் தாத்தா காய்கறி ஏற்றிப்போன நிசான் 1400 பக்கி (சின்னப் பாரவண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) இப்போது டர்பன் பக்கம் சேட்ஸ்வொர்த்தில் உங்கள் கையில் இருக்கிறது. போன மாதம் ஒரு சைலன்சர் கடையில் பழைய வார்ப்பிரும்பு எக்சாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, நாலு குழாய் ஒன்றாகச் சேர்கிற பிராஞ்சும் ஃப்ரீஃப்ளோ சைலன்சரும் போட்டிருக்கிறீர்கள். அன்றிலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் பட் பட் என்று வெடிக்கிறது. 2000, 2500 ஆர்பிஎம்மில் திணறுகிறது. கடைக்காரர், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளைத் திருகான மெயின் ஜெட்டை, 100 என்று போட்டிருந்ததை, 1.15 மில்லிமீட்டர் பிட்டால் துளைத்துக் கொடுத்திருக்கிறார். வெடிப்பு நிற்கவில்லை, பெட்ரோல் செலவு ஏறிவிட்டது, ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அக்கா வீட்டுக்குப் போனபோது கரும்புகை வந்தது. இன்னும் எவ்வளவு துளைக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இனி ஒரு நூல்கூடத் துளைக்க வேண்டாம். அந்த ஜெட்டை எடுத்து வைத்துவிட்டு, பழைய எண்ணிலேயே புது ஜெட் ஒன்று வாங்கிப் போடுங்கள். உங்கள் வண்டியில் இருக்கிற கோளாறு பெரும்பாலும் ஜெட்டில் இல்லை.

ஜெட் எண்ணின் கணக்கைச் சொன்னால் நடந்தது என்னவென்று புரிந்துவிடும். இந்த ஹிட்டாச்சி கார்புரேட்டரில் 100 என்றால் துளையின் விட்டம் 1.00 மில்லிமீட்டர். 115 என்றால் 1.15. பார்வைக்கு 15 சதவீதம்தான் கூடியது போலத் தெரியும். ஆனால் பெட்ரோல் போவது துளையின் பரப்பு வழியாக. பரப்பு விட்டத்தின் வர்க்கமாக ஏறும், 1.15ஐ 1.15ஆல் பெருக்கினால் 1.32. ஆக மெயின் சர்க்யூட்டில் 32 சதவீதம் அதிக வழி திறந்திருக்கிறது. பிராஞ்ச் மட்டும் மாற்றிய ஒரு 1400க்கு ஜெட் மாற்றம் தேவைப்பட்டாலும் ஒரு படி, அபூர்வமாக இரண்டு படிதான் தேவைப்படும். 100லிருந்து 105க்குப் போனாலே 10 சதவீதம் வந்துவிடுகிறது. இன்னொன்று, ஜெட் வெறும் துளை அல்ல. அதன் வாயும் அடியும் சரிவாகச் சீவியிருக்கும், உள்சுவர் வழவழப்பாக இருக்கும். ட்ரில் பிட் அதில் கீறல் போட்டுவிட்டால் எண் எதுவாக இருந்தாலும் பாய்வு வேறாகிவிடும்.

இதை நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலை பழகிய காலத்தில் எங்கள் அண்ணன் வண்டிக்குப் பிராஞ்ச் போட்டோம். இதே திணறல், இதே வெடிப்பு. ஜெட்டைப் பெரிசாக்கினேன், கொஞ்சம் நன்றாக இருந்தது போலத் தோன்றியது, மறுபடி பெரிசாக்கினேன். சில மாதத்தில் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயிலில் பெட்ரோல் வாடை. அளவுக்கு மீறிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. ரிங் போய், சிலிண்டர் சுவர் தேய்ந்து, கடைசியில் இன்ஜினை இறக்க வேண்டி வந்தது. இறக்கியபோதுதான் பார்த்தேன், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் ஒரு ஓரம் சரியாக அமுங்கவே இல்லை. அற்ப விலைக் கேஸ்கெட்டுக்காக அண்ணன் ஒரு இன்ஜினைக் கொடுத்தார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிராஞ்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் ஏ14 இன்ஜின் 1397 சிசி, எரிகிற வரிசை 1-3-4-2. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டரின் புகையும் ஒரு குறுகிய பெட்டிக்குள் முட்டிக்கொள்ளும். பிராஞ்சில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். எக்சாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடும். சூடான புகையில் அந்த அலையின் வேகம் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல். குழாய்கள் சேருகிற இடத்தில், திடீரென்று அகலம் கூடுவதால், அது எதிர் அலையாக, அதாவது உறிஞ்சுகிற அலையாகத் திரும்பி வரும். இன்டேக், எக்சாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு புதுக் காற்றையும் உள்ளே கூப்பிடும். நேரம் தப்பி வந்தால் பலன் இல்லை. சில வேகங்களில் புகையைத் திரும்ப உள்ளே தள்ளவும் செய்யும்.

நாலும் ஒன்றாகச் சேர்கிற பிராஞ்ச் மேல் ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும், நடுவில் ஒரு பள்ளம் விடும். முதலில் 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் ஜோடி சேர்த்து, பிறகு ஒன்றாக்குகிற நாலு-இரண்டு-ஒன்று வகை பரவலாக இழுக்கும். பாரம் ஏற்றுகிற பக்கிக்கு நான் இரண்டாவதைத்தான் போட்டிருப்பேன். உங்கள் 2000, 2500 திணறலில் ஒரு பங்கு இந்த வடிவத்தாலேயே வருவதாக இருக்கலாம், அந்தப் பங்கை எந்த ஜெட்டாலும் எடுக்க முடியாது. மிச்சத்தை எடுக்கலாம்.

இப்போது வெடிப்புக்கு வருவோம். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பட் பட் என்றால் முதல் சந்தேகம் எக்சாஸ்டில் காற்றுக் கசிவு. புகை வெளியே வருகிற இடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் நான் சொன்ன அந்த உறிஞ்சும் அலை, ஃபிளாஞ்சிலோ (குழாயை ஹெட்டோடு சேர்த்து முடுக்குகிற தட்டை விளிம்பு) சேரும் இடத்திலோ இடுக்கு இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியோடு அந்தக் காற்று சேர்ந்து குழாய்க்குள் எரிகிறது. அதுதான் சத்தம். ஜெட்டைப் பெரிசாக்கினால் எரியாத பெட்ரோல் இன்னும் கூடும், அப்புறம் வெடிப்பு எப்படி நிற்கும்?

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனமான துணியைக் கையில் சுற்றி, டெயில் பைப்பைப் பாதி மூடச் சொல்லுங்கள். நீங்கள் பானட்டுக்குள் காதை வையுங்கள். கசிவு இருந்தால் டிக் டிக் என்று டேப்பட் சத்தம் மாதிரியே கேட்கும். சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி விடும். கழற்றினால் கேஸ்கெட்டில் கரிக்கோடு தெரியும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், கராஜ் கதவை மூடிக்கொண்டு வேண்டாம்.

அடுத்ததுதான் இந்த இன்ஜினில் எல்லோரும் தவறவிடுகிற இடம். ஏ14இல் இன்டேக்கும் எக்சாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்தில் உட்காருகின்றன. ஒரே ஸ்டட்டும் தடித்த வாஷரும் இரண்டு ஃபிளாஞ்சையும் சேர்த்துப் பிடிக்கிற இடங்களில், பழைய மேனிஃபோல்டின் தடிமனும் புதுப் பிராஞ்சின் தடிமனும் ஒன்றாக இல்லாவிட்டால், வாஷர் சாய்ந்துவிடும். தடித்த பக்கம் இறுகும், மெல்லிய பக்கம் தளர்ந்தே இருக்கும். பெரும்பாலும் தளர்ந்திருப்பது இன்டேக். அங்கே காற்று புகுந்தால் ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஓடுகிற ஓட்டம்) ஆடும், கீழ் ஆர்பிஎம்மில் மிக்சர் மெலிந்து, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், திணறும். பார்ப்பவர் இதை "ஜெட் போதவில்லை" என்று வாசிப்பார். வெர்னியரால் இரண்டு ஃபிளாஞ்சையும் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் படிவைத்த வாஷர் கடைந்து போடச் சொல்லுங்கள், அல்லது தடித்ததை மெஷினிங் கடையில் சீவச் சொல்லுங்கள்.

இன்டேக் கசிவைப் பிடிக்க கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. பிராஞ்ச் போட்ட வண்டியில் அது ஆபத்து. மெல்லிய இரும்புக் குழாய் நேராகக் கீழே கொதித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் சூடேறும் முன்பே, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் கேஸ்கெட் ஓரத்தில் மெல்லத் தெளியுங்கள். ஐடில் மாறினால் இடம் கிடைத்துவிட்டது. கசிவை அடைத்த பிறகு நாலைந்து தடவை சூடாக்கி ஆறவைத்து, முழுக்க ஆறிய நிலையில் நட்டுகளை மறுபடி புத்தகத்தில் சொன்ன டார்க்குக்கு (இறுக்குகிற விசை அளவுக்கு) இறுக்க வேண்டும். புது கேஸ்கெட் அமுங்கிக்கொண்டே வரும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் திரும்பி வந்த வண்டிகள் ஏராளம்.

பழைய மேனிஃபோல்ட் இன்டேக்கின் அடிவயிற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். கார்புரேட்டரிலிருந்து துளியாக இறங்குகிற பெட்ரோல் அந்தச் சூட்டில்தான் ஆவியாகும். பிராஞ்ச் போட்டதும் அந்தச் சூடு போய்விட்டது. இன்டேக்கின் அடியில் திறந்த வாய் இருந்தால் தகடு வெட்டி மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். டர்பன் வெக்கையில் இது பெரிய தொல்லை இல்லை, காலையில் இரண்டு நிமிடம் சோக் கூடுதலாகப் பிடிக்கும். ஜூன், ஜூலையில் லெனேசியாவில் புல்லெல்லாம் உறைபனி பிடித்துக் கிடக்கிற காலையில் வண்டி பத்து நிமிடம் அடம்பிடிக்கும். அதைக் கோளாறு என்று எண்ணி ஸ்க்ரூவைத் திருகாதீர்கள், சூடேறட்டும்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஜனவரியில் வரும். கார்புரேட்டர் பிராஞ்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால், ரோபோவில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) நின்று நின்று போனால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதிக்கும். ஐடில் தடுமாறும், நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் வெள்ளம் அடிக்கும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற கருப்பு இன்சுலேட்டர் துண்டு உடையாமல் இருக்க வேண்டும், அதற்கும் பிராஞ்சுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு வேண்டும். துணி மாதிரி சுற்றுகிற ஹீட் ராப் எனக்குப் பிடிக்காது. நம் கடல்காற்றில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துச் சாதாரண இரும்புக் குழாயைச் சீக்கிரமே அரித்துவிடும். காசு இருந்தால் செராமிக் பூச்சு போடுங்கள்.

கசிவெல்லாம் அடைத்தாயிற்று என்றால், ட்யூனிங் இனிமேல்தான் ஆரம்பம். கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். டேப்பட் இடைவெளி, இன்ஜின் சூடாக இருக்கும்போது, இன்டேக் எக்சாஸ்ட் இரண்டுக்கும் 0.35 மில்லிமீட்டர். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று எக்சாஸ்டை இறுக்கி வைக்கிற வழக்கம் வேண்டாம், வால்வு கருகும். டிஸ்ட்ரிபியூட்டரில் காண்டாக்ட் பாயிண்ட் இருக்கிற வண்டி என்றால் அதன் இடைவெளி 0.45க்கும் 0.55 மில்லிமீட்டருக்கும் நடுவில். கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கிற கண்ணாடி ஜன்னலில் பெட்ரோல் மட்டம் குறியில் நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, ஆக்சிலரேட்டர் கேபிளைக் கையால் இழுத்துப் பாருங்கள். இழுத்த கணமே உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். தாமதித்தாலோ சொட்டினாலோ, பீய்ச்சுகிற ஆக்சிலரேட்டர் பம்பின் டயஃப்ரம் அல்லது பிஸ்டன் வாஷர் போய்விட்டது. மிதித்தவுடன் திணறுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்த வண்டிகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் ஐடிலில் புத்தகத்தில் சொன்ன டிகிரிக்கு வையுங்கள். அதோடு நிறுத்தாமல் 3500 வரை ஏற்றி மொத்த அட்வான்ஸ் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இந்த வகை இன்ஜினுக்கு 30க்கும் 34க்கும் நடுவே இருந்தால் போதும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பிரிங் தளர்ந்தோ, வெயிட் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டோ இருக்கும். ஐடிலில் சரியாக இருந்து மேலே தப்பாக இருக்கும். பிராஞ்ச் போட்டால் டைமிங்கை ஏற்ற வேண்டும் என்று சொல்வார்கள். பிராஞ்ச் நன்றாக வேலை செய்கிற வேகத்தில் சிலிண்டரில் மிச்சப் புகை குறைவு, கலவை சீக்கிரம் எரியும். ஆகவே அந்த வேகத்தில் ஒன்றிரண்டு டிகிரி குறைத்தாலும் குறைக்கலாமே தவிர ஏற்றக் காரணம் இல்லை. பாரத்தோடு ஃபீல்ட்ஸ் ஹில்லில் டாப் கியரில் ஏறும்போது கோலி உருட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தால் உடனே இரண்டு டிகிரி இறக்குங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் ஜெட். நாக்கில் தொட்டுப் பார்க்கிற வித்தை மாதிரி பிளக் நிறத்தை வைத்துச் சொல்லுகிற பெரியவர்கள் இருந்தார்கள், நானும் அவர்களிடம்தான் கற்றேன். இன்றைய ஈயமில்லாத பெட்ரோலில் பிளக் நிறம் முன்போல் தெளிவாகப் பேசுவதில்லை. 2006லிருந்து இங்கே ஈயப் பெட்ரோலே கிடையாது. புகையை வைத்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டுகிற வைட்பேண்ட் லாம்டா மீட்டர் ஒன்றை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிவிடுங்கள். சென்சாருக்கான வளையத்தை நாலு குழாயும் சேர்ந்த இடத்துக்குப் பின்னால், பக்கவாட்டுக்குச் சற்று மேலே சாய்த்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள். அடியில் வைத்தால் தண்ணீர் தேங்கிச் சென்சார் செத்துவிடும். முன்னால் எங்காவது கசிவு இருந்தால் மீட்டர் பொய்தான் சொல்லும், அதனால்தான் கசிவை முதலில் வைத்தேன். முழு மிதியில் 12.5க்கும் 13க்கும் நடுவே, சமமான ரோட்டில் நிதானமாகப் போகும்போது 14க்கும் 15க்கும் நடுவே வந்தால் போதும். இரண்டு பேர் வேண்டும், ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக்கூடாது. முழு மிதிக்கு டைனோதான் (நின்ற இடத்திலேயே உருளையில் சக்கரத்தை ஓட்டிப் பார்க்கிற மேடை) சரியான இடம். பாதி வேகத்தில் சாவியை அணைத்துப் பிளக் பார்க்கிற பழைய முறையை ரோட்டில் செய்யாதீர்கள். சாவி ஒரு படி கூடுதலாகத் திரும்பி ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் பிடிக்க ஆள் இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நோட்டில் எழுதுங்கள். ஜெட்டும் டைமிங்கும் ஒரே நாளில் மாற்றினால் எது குணம் காட்டியது என்று யாருக்கும் தெரியாது.

லெனேசியா கரும்புகைக்கு வருகிறேன், இது நம் நாட்டுக்கே உரிய விஷயம். டர்பன் கடல் மட்டம். ஜோஹானஸ்பர்க் பக்கம் 1600, 1700 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. காற்று குறைகிற அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை, பாதி அளவுதான் குறைக்கும். அதனால் அங்கே போனதும் மிக்சர் தானாக 8 சதவீதம் போலத் தடிக்கும். டர்பனில் 13 காட்டுகிற வண்டி அங்கே 12 காட்டும். ஏற்கெனவே 32 சதவீதம் திறந்துவிட்ட ஜெட்டோடு வான் ரீனன் கணவாய் ஏறினால் கரும்புகை வராமல் என்ன வரும்! மீட்டர்களும் அங்கே வேறு கணக்கு சொல்லும். ஐடிலில் டர்பனில் 18 அங்குலம் காட்டுகிற வேக்குவம் கேஜ் அங்கே 13தான் காட்டும். கம்ப்ரெஷனும் அதே மாதிரி இறங்கும். இன்ஜின் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

வண்டி வருஷம் முழுக்க இருக்கிற ஊருக்குத்தான் ஜெட் போட வேண்டும், அதாவது உங்களுக்கு டர்பன். இரண்டு நாள் லெனேசியாவில் கொஞ்சம் தடித்து ஓடினால் பரவாயில்லை. மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால் 100க்குப் பதில் 95 போட்டுக்கொள்ளலாம், டைமிங்கும் மூன்று டிகிரி போல ஏற்றலாம். அங்கே 93 பெட்ரோலே போதும். ஆனால் திரும்பி வரும்போது மறக்காமல் இரண்டையும் பழையபடி வைக்க வேண்டும். மேலே ஏற்றின டைமிங்கோடும் சின்ன ஜெட்டோடும் கீழே வந்து, பாரத்தோடு ஏற்றத்தில் மிதித்தால் பிஸ்டன் தாங்காது. ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை மட்டும் அங்கே கால் சுற்று உள்ளே திருகி, வரும்போது வெளியே திருகினால்கூடப் பாதித் தொல்லை தீரும். எத்தனை சுற்று என்று பானட்டுக்கு உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன் நான்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மேலே 4000க்குப் பிறகு வண்டி மூச்சுவிடுவது தெரியும், ஏற்றத்தில் கியர் இறக்குவது கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். டெயில் பைப்பை இன்னும் பெரிதாக்காதீர்கள். இந்த இன்ஜினுக்கு 45லிருந்து 50 மில்லிமீட்டர் வரை தாராளம், அதற்கு மேல் போனால் புகையின் வேகம் போய்ச் சத்தம்தான் மிஞ்சும்.

தாத்தாவின் அந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் கடையில் கிடந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள். 2008இல் ரோஸ்லின் ஆலையில் இந்த வண்டி கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், விரிசல் இல்லாத மேனிஃபோல்ட் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. ஆயில் தடவி, சாக்கில் சுற்றி, கராஜ் மூலையில் வையுங்கள். கசிவு பார்த்த பிறகு ஃபிளாஞ்ச் தடிமன் இரண்டையும் எழுதி அனுப்புங்கள், வாஷர் எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று சொல்கிறேன்.